மழலை வாணிபம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரூபி பிராங்கி என்னும் தாய், தம் ஆறு குழந்தைகளின் அன்றாட வாழ்வைப் படம் பிடித்து யூடியூபில் வெளியிட்டு, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைத் திரட்டி, குழந்தை வளர்ப்புக்கு இலக்கணம் வகுப்பவராகவே விளங்கினார். அவரே, பட்டினியும் காயங்களுமாகத் தப்பி ஓடிய மகன் அண்டை வீட்டுக் கதவைத் தட்டியதன் விளைவாக 2023 ஆகஸ்டில் கைதாகி, குற்றத்தை ஒப்புக்கொண்டு, மறு ஆண்டு பிப்ரவரியில் சிறைத் தண்டனை பெற்றார். இக்கொடுமை விதிவிலக்கே, காமிரா பிடிக்கும் பெற்றோரெல்லாம் கொடியவர் அல்லர். ஆயினும் பெற்ற பிள்ளையின் சிரிப்பையும் அழுகையையும் ஊரறியக் காட்டிப் புகழும் பொருளும் ஈட்டும் உரிமை பெற்றோருக்கு உண்டா என்னும் வினாவை இனியும் ஒத்திவைப்பதற்கில்லை. இல்லை என்பதே அறத்தின் தீர்ப்பு.

பிள்ளை பெற்றோருக்கு உடைமையன்று, அடைக்கலம். கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற ஆயர்குல மூதாட்டி மாதரி, அவளுக்கு நேர்ந்த துயரில் தன் குற்றம் அணுவளவும் இல்லாதிருந்தும், தீயில் விழுந்து மாய்ந்தாள் எனச் சிலப்பதிகாரம் பேசுகிறது. பிறர் மகளுக்கே இத்தகைய கடப்பாடு உண்டெனில், தாம் பெற்ற மகவின் மானத்துக்குப் பெற்றோர் எவ்வளவு கடமைப்பட்டவர்! குளியலறைக் குறும்பும், ஊசிக்கு அஞ்சிய அழுகையும், பூப்பு நீராட்டு விழாவும், மறுக்க அறியாத அல்லது மறுக்கத் துணியாத பருவத்தில் உலகத்தின் முன் விரிக்கப்பட்டால், அப்பிள்ளை தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் நாளுக்கு முன்பே அதன் சரித்திரத்தைப் பிறர் எழுதி முடித்துவிடுகின்றனர்.

மழலையில் மகிழ்வது பிழையன்று. சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையின் இன்பத்தைப் பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றில் பாடினான். எனினும் அவன் பாடியது குழந்தைமையை, பெயர் சுட்டிய தன் மகனையன்று. பெரியாழ்வார் தாயாகி நின்று பாடியதும் கண்ணனையே. வள்ளுவர், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யும் தகுதியை அளிக்கத் தந்தையைப் பணித்தாரேயன்றி, தகுதி வருமுன் அவனை அவையின் நடுவே கிடத்தச் சொல்லவில்லை. நூறு பசுக்களுக்கு மகனை விற்ற அஜீகர்த்தன், பின்னர் மனம் மாறி அழைத்தபோது, அம்மகன் சுனச்சேபன் திரும்பிச் செல்ல மறுத்து விசுவாமித்திரரையே தந்தையாக ஏற்றான் என்று ஐதரேய பிராமணம் கூறுவது, பிள்ளையை விலையாக்கிய எவருக்கும் உரிய எச்சரிக்கை.

வறிய குடும்பத்துக்கு, பிள்ளையைப் படம் பிடித்துக் காட்டி ஈட்டும் வருவாய் துணையாகலாம் என்பதும், தூரதேசத்து உற்றாரோடு மகிழ்ச்சியைப் பகிர விழைவது இயல்பு என்பதும் மெய்யே. ஆனால் உற்றாருக்கு அனுப்புவது வேறு, உலகுக்கு விரிப்பது வேறு; குழந்தையின் மானத்தை விற்றுத் தீர்க்கும் வறுமை தீர்ந்த வறுமையாகாது.

சாப்ளினோடு 1921இல் ‘தி கிட்’ படத்தில் நடித்த சிறுவன் ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைத் தாயும் மாற்றாந்தந்தையும் கரைத்துவிட்டதனால் கலிபோர்னியாவில் 1939இல் குழந்தை நடிகரின் வருவாயைக் காக்கும் சட்டம் பிறந்தது. பிரான்சு 2020இல், இணையப் படங்களில் தோன்றும் சிறாருக்கு அவற்றை நீக்கக் கோரும் உரிமையையே அளித்தது. நம் நாட்டின் விதிகளும் குழந்தைக் கலைஞரின் வருவாயில் 20 சதவீதத்தையேனும் அவர் பெயரில் வைப்பாக்கப் பணிக்கின்றன. சட்டம் பணத்தைக் காக்கும். மானத்தைக் காக்க வேண்டியவர் பெற்றோரே.

ஆதலின், பெற்றோரே, பிள்ளை கைப்பேசியைத் தொட்டால் சினக்கும் நீவிர், முதலில் உம் கையை அடக்குமின். விவரம் அறிந்த பிள்ளையைக் கேளுங்கள். அது மறுத்தால் பணியுங்கள். அறியாத பிள்ளைக்காக நீங்களே மறுத்துவிடுங்கள். இந்த அடக்கத்தைக் கற்றுத் தராத வளர்ப்பு, வேறு எதைக் கற்றுத் தந்தாலும் வளர்ப்பாகாது.