விலையில்லாச் சீட்டின் விலை

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாக் காலத்தே, சில ஆண்டுகட்கு முன், வணிகர் ஒருவர் தம் கடைவாயிலில் ஒரு பெட்டி வைத்திருந்தார். பெயர், முகவரி, பிறந்தநாள், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கூப்பனில் எழுதியிட்டாற் குலுக்கலில் இருசக்கர வண்டி கிட்டும் என்பது அறிவிப்பு. யாமும் ஒன்று எழுதியிட்டேம். எமக்குக் கைப்பேசி இன்மையின் பெயர்த்தியின் எண்ணை எழுதினேம். வண்டி வந்திலது, குலுக்கல் நடந்ததோ என்பதும் அறிந்திலேம். பின்னர், அறியாதார் பலர் அவளை அழைத்து, 'பரிசு விழுந்தது. வரிப்பணம் செலுத்துக' என்று அலைக்கழிக்கலாயினர். எம் சீட்டினின்றே அவ்வெண் சென்றதெனத் துணிதற்குச் சான்றில்லை. ஆயினும், 'என்னைக் கேளாமல் ஏன் எழுதினீர்கள், தாத்தா?' என்று அவள் வினவியதற்கு விடையின்றி நின்றேம். அவ்வினாவே ஈண்டு ஆராயப்படுகின்றது.

ஒருசாரார், 'பொருள் ஏதுங் கொடாமையின் இது சூதன்று; கிட்டின் ஆதாயம், கிட்டாவிடின் இழப்பில்லை' என்பர். அஃதொவ்வாது. என்னை? 1968-இல் இம்மாநில அரசே நடத்தத் தொடங்கியதும், 2003-இல் தமிழ்நாட்டில் விலக்கப்பட்டதுமாகிய பரிசுச் சீட்டுக்கு விலை வெளிப்படையாக இருந்தது. வாங்குவோன் தான் இழப்பது இவ்வளவென அறிந்தே இழந்தான். கூப்பனிலோ விலை மறைந்து நிற்கும். ஓரிலட்சம் ரூபாய் வண்டிக்கு 50,000 பேர் எழுதினரெனக் கொள்வோம். ஒவ்வொருவரும் பெற்ற வாய்ப்பின் மதிப்பு 2 ரூபாயே. அதற்கு ஈடாகக் கொடுத்ததோ, பிறர் பன்முறையும் பயன்கொள்ளத்தக்க தங்குறிப்பு அனைத்தும். இழந்த பணத்தை மீண்டும் ஈட்டலாம். பிறர் அறிந்துகொண்டதை அறியாததாக்கல் இயலாது.

'அரசு காவாதோ?' எனின், காக்கும். அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் உச்சநீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமித்துத் தீர்த்தனர். பரிசுத் திட்டத்தின் முடிவைப் பங்குபெற்றோர்க்கு மறைத்தலையும், நுகர்வோர் நம்பிக் கொடுத்த குறிப்பைச் சட்டத்துக்கு மாறாகப் பிறர்க்கு வெளியிடுதலையும், நேர்மையற்ற வணிகமுறையென 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறும். ஆயினும், சட்டம் கொள்வோன் கையைத் தடுப்பதன்றிக் கொடுப்போன் அவாவைத் தடாது.

இனி, 'நுகர்ச்சியெல்லாம் வினைக்கீடாக இறைவன் ஊட்டுவனவாயின், வண்டியும் அவ்வாறே வரலாமன்றோ? அதற்குச் சீட்டு ஒரு வாயிலாகாதோ?' எனச் சைவருள்ளும் வினவுவார் உளர். வருவது பிராரத்தம், அது வருதற்குப் பிறர்க்குரியதை எடுத்துக் கொடுப்பது ஆகாமியம். 50,000 பேருள் ஒருவர்க்கே வண்டி. ஆகாமியமோ கேளாது கொடுத்தார் ஒவ்வொருவர்க்கும் தப்பாது ஏறும். அஃதொன்றே அப்பெட்டியில் உறுதியாக விழும் பரிசு என்க.

'அருச்சனையிற் பெயரும் நட்சத்திரமும் சொல்லுகின்றோமே. அதுவும் பயன் கருதியதன்றோ?' எனின், ஆம். பயன் கருதலும் உண்டு. ஆயினும், சிவாசாரியார் அவற்றைத் திருமுன் மொழிந்து அங்கேயே விடுவர். தொகுத்து வைத்து விலைகூறார். மேலும், முன்னரே முற்றும் அறிந்தானிடத்துச் சொல்லுதலால் நமக்குக் குறைவதொன்றில்லை. அறியாதானிடத்துச் சொல்லியதோ அவன் உடைமையாய் நம்மை விட்டு நீங்கும்.

ஆதலின், தன் குறிப்பைக் கொடுப்பான் அதன் விலையை எண்ணிக் கொடுக்க. பிறர் குறிப்பை அவரைக் கேளாது கொடாதொழிக. இதனை யாம் கற்ற நூல்களால் அன்றிப் பெயர்த்தியின் வினாவால் உணர்ந்தமை நாணத்தக்கதே. அவளிடம் பிழைபொறுக்க வேண்டினேம், அவள் பொறுத்தாள். எண்ணை மாற்றிக்கொண்ட அலைச்சல் மட்டும் அவளதாயிற்று.

திருச்சிற்றம்பலம்.