தீப்பெட்டிக்குள் ஒரு வானவில்

கற்பனை பொய்யா? குருமடத்தில் இக்கேள்விக்குத் தேர்வுத்தாளில் விடை எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் அது என் உள்ளத்தைச் சுட்டது, பதினைந்து நிமிடப் படம் ஒன்றைக் கண்ட இரவில்தான்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. எங்கள் பங்கில் படுத்த படுக்கையாயிருந்த மூதாட்டி ஒருவருக்கு மாதந்தோறும் நற்கருணை கொண்டு செல்வது வழக்கம். பௌர்ணமி இரவுகளில் திருவண்ணாமலையை வலம்வருவோரின் காலடி ஓசை விடியும்வரை அவரது சன்னலோரம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள் அவர், "சாமி, நேத்து ராத்திரி நானும் நடந்தேன். வேளாங்கண்ணி வரைக்கும் போய் மாதாவைப் பார்த்துட்டு வந்தேன்" என்றார். "பாட்டி, அது வெறும் கனவு. மனசை அலையவிடாம ஜெபமாலை சொல்லுங்க" என்று திருத்திவிட்டுத் திரும்பினேன். அதன்பின் அவர் தம் பயணங்களைப் பற்றி என்னிடம் பேசவேயில்லை. சில மாதங்களில் இறைவனடி சேர்ந்தார்.

ஆண்டுகள் கழிந்தன. காட்சித் தொடர்பியல் பயிலும் பங்கு இளைஞர் ஒருவர் தம் மடிக்கணினியில் 'பிரின்டட் ரெயின்போ' என்னும் படத்தைக் காட்டினார். மும்பை ஓவியர் கீதாஞ்சலி ராவ் உருவாக்கிய அசைவூட்டக் குறும்படம் அது. 2006-இல் கான் திரைப்பட விழாவின் 'விமர்சகர் வார'த்தில் பரிசு பெற்றது. கார்ட்டூன் என்றால் பூனை எலியைத் துரத்துவதுதான் என்று எண்ணியிருந்தவன் நான். பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கானோர் கூடிச் செய்யும் இவ்வேலையைத் தனியறையில் தம் கையாலேயே வரைந்து முடிக்கும் கலைஞர்களும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

படத்தின் கதை எளியது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் தனித்து வாழும் ஒரு மூதாட்டி. துணைக்கு ஒரு பூனை. அவர் வாழ்வு சாம்பல் நிறமாய் ஊர்கிறது. ஆனால் அவரிடம் தீப்பெட்டிப் படங்களின் சேகரிப்பு ஒன்று இருக்கிறது. அப்படங்களுக்குள் அவர் நுழையும்போதெல்லாம் வண்ணங்கள் பொங்குகின்றன. அவர் காணாத உலகங்களில் உலவி வருகிறார்.

தீப்பெட்டிப் படம் நமக்கு அந்நியமானதன்று. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தொழில், சிவகாசியின் வறண்ட மண்ணில் தீப்பெட்டியாகவும் அச்சுக்கலையாகவும் வேர்விட்டது. குச்சிகள் தீர்ந்ததும் நாம் குப்பையில் எறிகிற அந்தச் சிறு அட்டைதான் அம்மூதாட்டிக்கு வாசலாகிறது.

இது உண்மையிலிருந்து தப்பி ஓடுவதா? நம் ஆண்டவரின் பேச்சை எண்ணிப் பாருங்கள். ஊசியின் காதில் நுழைய முயலும் ஒட்டகம். கண்ணில் மரக்கட்டையோடு அடுத்தவர் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க முனையும் மனிதர். எந்த ஓவியரின் விந்தைக் கனவுக்கும் இவை குறைந்தவையல்ல. புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'இறையியல் தொகுப்பின்' முதல் வினாவிலேயே இதை ஆராய்கிறார். மேன்மையான உருவங்களைவிடத் தாழ்ந்த பொருள்களின் உருவங்களைக் கொண்டு இறையுண்மையை உணர்த்துவதே ஏற்புடையது என்கிறார். ஏனெனில் அவற்றை எவரும் கடவுளின் நேர் உருவம் என்று தவறாகக் கொள்ளமாட்டார்கள்.

ஆயினும் எல்லாக் கற்பனையும் நம்மை உண்மையிடம் சேர்ப்பதில்லை. இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னார். அப்படியொரு ஆடு இருந்ததில்லை. ஆனால் அக்கதை கேட்டு அரசர் தம் பாவத்தைக் கண்டார். அதே அரசர் கதையை மெச்சிவிட்டு உறங்கப் போயிருந்தால், அது அவருக்கு வெறும் மயக்கமாகவே முடிந்திருக்கும். கற்பனையை அளக்க வேண்டிய கோல் இதுவே: அது நம் கண்ணைத் திறக்கிறதா, மூடுகிறதா?

இக்கோலால் அளந்தபோது தோற்றவன் நானே. வேளாங்கண்ணிக்கு நடந்தேன் என்று அந்தத் தாய் சொன்னது பொய்யன்று. 'என்னை எங்கும் அழைத்துச் செல்ல ஒருவருமில்லை' என்பதை அவர் அறிந்த மொழியில் சொன்னார். நான் செய்தியைத் திருத்தினேன், உண்மையைத் தவறவிட்டேன்.

திரையில் ஒரு நொடி ஓட 24 சட்டங்கள் வேண்டும். தனித்திருக்கும் ஒரு மூதாட்டி பூனையைத் தடவிக் கொடுக்கும் சில நொடிகளுக்காக ஒரு கலைஞர் எத்தனை நாள் குனிந்து வரைந்திருப்பார்! கற்பனையில் பிறந்த ஒரு பெண்ணுக்கு அவர் அத்தனை பொறுமையைத் தந்தார். என் எதிரே மூச்சுவிட்டுக் கிடந்த பெண்ணுக்கு நான் பத்து நிமிடம் தரவில்லை. 'அனிமேஷன்' என்ற சொல்லுக்கு மூலமான 'அனிமா' என்னும் இலத்தீன் சொல்லுக்கு ஆன்மா என்பது பொருள். ஆன்மாக்களைப் பேணும் பணிக்கெனத் திருநிலைப்படுத்தப்பட்டவன், அப்பணியின் பொறுமையை ஓர் ஓவியரிடம் கற்க நேர்ந்தது.

இப்போதெல்லாம் நோயுற்றோர் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது செபம் முடிந்தவுடன் எழுந்துவிடுவதில்லை. "நேத்து ராத்திரி எங்கே போய்ட்டு வந்தீங்க, பாட்டி?" என்று கேட்டுவிட்டு, அருகிலுள்ள முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.