இரும்பில் செய்யாத ஆயுதம்

கண்ணன் எந்த நாட்டு ராஜா? கேட்டால் சட்டென்று 'துவாரகை' என்போம். ஆனால் மகாபாரதம் காட்டும் கண்ணன் முடிசூடிய மன்னர் இல்லை. விருஷ்ணி, அந்தகர், போஜர் முதலிய குலங்கள் சேர்ந்து ஆண்ட ஒரு சங்கத்தின் தலைவர். வைசாலியில் லிச்சவிகள் நடத்திய ஆட்சியும் இந்த வகைதான். எல்லாரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கணும். (எல்லாரும் என்றால் ஆளும் குடும்பத்து ஆண்கள். மாடு மேய்த்தவனுக்கும் வீட்டு வேலை செய்தவளுக்கும் அங்கே குரல் கிடையாது.)

சாந்தி பர்வத்தில் பீஷ்மர் ஒரு பழைய உரையாடலைச் சொல்கிறார். கண்ணன் நாரதரிடம் மனம்விட்டுப் புலம்புகிறார். செல்வத்தில் பாதியை உறவினருக்கே கொடுத்தும், அவர்கள் பேசும் கடுஞ்சொல் நெஞ்சைச் சுடுகிறதாம். ஆகுகரும் அக்ரூரரும் எதிரெதிர் அணி. சூதாடும் இரண்டு பிள்ளைகளைப் பெற்ற தாய்போல, ஒருவன் ஜெயிக்கணும், மற்றவனும் தோற்கக் கூடாது என்று தவிக்கிறார்.

நாரதர் சொல்கிறார்: இது வெளியிலிருந்து வந்த ஆபத்து இல்லை, உள்ளேயே முளைத்தது. இரும்பில் செய்யாத ஆயுதத்தால் அவர்கள் நாக்கை அடக்கு. முடிந்ததைக் கொடு, பொறுத்துக்கொள், இனிமையாகப் பேசு, அவரவர்க்குரிய மரியாதையைக் கொடு. உன்னால் சங்கம் அழியக் கூடாது.

இது நியாயமா? திட்டியவனுக்கு ஒரு புத்திமதியும் இல்லை. திட்டு வாங்கியவர்தான் பொறுத்துப் போகணுமா? ஏதாவது ஒரு செயலவையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. நியாயம் இல்லைதான் என்பது என் எண்ணம். ஆனாலும் நாரதரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. ராஜாவுக்குக் காவலன் உண்டு, சிறை உண்டு; எதிர்த்துப் பேசுபவன் வாயை மூட வைக்கலாம். சமமானவர்கள் கூடும் சபையில் அப்படிச் செய்த அன்றே அது சபையாக இருக்காது. மேலும், கண்ணனைத் தன் கருத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. பேசும் விதத்தைத்தான் நாரதர் மாற்றச் சொன்னார்.

இந்தப் பலவீனம் எதிரிக்கும் தெரியும். சங்கங்களை எப்படி உடைப்பது என்று அர்த்தசாஸ்திரத்தில் தனிப் பகுதியே இருக்கிறது: ஒற்றரை உள்ளே விட்டுப் பகை மூட்டு. மகத மன்னன் அஜாதசத்துரு லிச்சவிகளை அப்படித்தான் வீழ்த்தினான் என்கிறது பௌத்த மரபு.

துவாரகைக்கு ஒற்றனே தேவைப்படவில்லை. பிரபாசக் கடற்கரையில், குடிபோதையில், தூங்கியவர்களைக் கொன்றவன் என்று கிருதவர்மனைச் சாத்யகி குத்திக் காட்டினான். பதிலுக்கு ஒரு குத்தல். அப்புறம் வாள். கரையில் வளர்ந்திருந்த கோரைப்புல் உலக்கையாக மாறிக் குலத்தையே அடித்துத் தீர்த்தது. மகன் பிரத்யும்னன் கண்ணெதிரே விழுந்தபோது, அந்தப் புல்லில் ஒரு பிடியைக் கண்ணனும் பறித்தார்.