காத்திருப்பவர் யார்?

எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் சிறுவனும், வினாவை முடிக்குமுன் விடையைக் கண்டுவிடும் சிறுமியும் ஒரே வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கின்றனர். ஆசிரியருக்கோ ஒரு பாடவேளைதான் உண்டு. அந்நேரம் யாருக்கு உரியது?

‘பின்தங்கியவனுக்கே, கெட்டிக்காரி எப்படியும் தேறிவிடுவாள்’ என்பது நாம் வழக்கமாகக் கூறும் விடை. இரக்கத்தில் பிறந்த விடைதான். ஆனால் மல்லாங்கிணறு போன்ற ஊரில் அது செல்லாது. மானாவாரி வேளாண்மையையும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களையும் நம்பி வாழும் இப்பகுதியில், பல வீடுகளில் பாடம் சொல்லித்தர ஆளில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை. வசதியுள்ள வீட்டுக் கெட்டிக்காரிக்குப் பள்ளிக்கு வெளியேயும் வாசல்கள் உண்டு. இவளுக்குப் பள்ளி ஒன்றே வாசல். அவனுக்கும் அதுவே.

சிவகாசியின் சிறார் உழைப்புக் குறித்து 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளைகளைத் தொழிற்கூடத்திலிருந்து பள்ளிக்கு அழைத்துவருவது அன்றைய கவலை. வந்தவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பது இன்றைய கவலை. 2018-இல் விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் 97 விழுக்காடு பெற்று மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. பெருமைக்குரிய செய்தியே. எனினும் நூற்றுக்கு மூவர் ஏன் நின்றுவிட்டனர் என்பதையும், தேறியவர் இன்னும் எவ்வளவு உயர்ந்திருக்கக்கூடும் என்பதையும் அந்த எண் சொல்வதில்லை.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. நல்ல முயற்சி. ஆயினும் அரும்பு மொட்டாகாமல் ஆண்டு கழிந்தால், அழகிய பெயரும் முத்திரையாகிவிடும். மலரை எந்நேரமும் அரும்புக்குப் பாடம் சொல்ல அனுப்புவதும் முறையன்று. பிறருக்கு விளக்குவதால் தன் அறிவு தெளியும் என்பது மெய். ஆனால் அவளையும் திணறவைக்கும் கணக்கொன்று அவளுக்கு வேண்டுமன்றோ?

நேரம் எல்லாருக்கும் போதாது. ஆகவே இன்று ஒருவர் காத்திருக்க நேரலாம். என்றும் அதே பிள்ளை காத்திருப்பதே அநீதி. பெற்றோர் கூட்டத்தில் ‘எத்தனை பேர் தேறினர்?’ என்று கேட்கும் நாம், ‘இவ்வாண்டு காத்திருந்தவர் யார்?’ என்றும் கேட்போமாக.