சுமந்து செல்ல நால்வர் வேண்டும்



கப்பர்நாகூமில் ஆண்டவர் போதித்துக்கொண்டிருந்த வீட்டுக்குத் திமிர்வாதக்காரன் ஒருவனை நால்வர் சுமந்து வந்ததாக மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறுகின்றது. வாசலில் சனநெருக்கம். அவர்களோ கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனைக் கீழே இறக்கினார்கள். ஆண்டவர் கண்டது அந்தச் சுமந்தவர்களது விசுவாசத்தையே என்பதைக் கவனியுங்கள். தானாக நடக்க முடியாதவன் பிறர் தோளிலே வந்து சுகம் பெற்றான்.

குடிக்கு அடிமையான தகப்பனைப் பற்றி, தமையனைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்? “மனம் வைத்தால் விடலாம்” என்கிறோம். அவனும் தவக்காலத்தில் மடு மாதா முன்னிலையில் சத்தியம் பண்ணுகிறான். பாஸ்குத் திருநாள் கழிந்ததும் மீண்டும் தவறணையில் நிற்கிறான். சத்தியம் செய்தபோது அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் அவனுக்காகக் காத்திருந்த கூட்டாளிகள் அங்கேதான் இருந்தார்கள். குடியை விட்டவனுக்கு அந்த நேரத்தில் போக ஓர் இடமும் பேச ஒரு மனிதனும் வேண்டாமா?

இந்த உண்மையை 1935ஆம் ஆண்டு இரு குடிநோயாளர் கண்டுகொண்டார்கள். நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் பில் வில்சன் குடியை விட்டு ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகருக்குத் தொழில் விடயமாக வந்தவர், காரியம் கைகூடாமல் ஹோட்டலில் தனித்து நின்றார். அருகே மதுச்சாலை. தாம் விழாமலிருக்க இன்னொரு குடிநோயாளியோடு பேசவேண்டும் என்று உணர்ந்து, ஊர்க் கோயில்களுக்குத் தொலைபேசி எடுத்தார். அவ்வாறு அறிமுகமானவரே சத்திரசிகிச்சை நிபுணரான பொப் சிமித். 15 நிமிடங்களே இருப்பேன் என்று வந்த வைத்தியர், ஆறு மணித்தியாலங்களுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை தவறினாலும், அவ்வாண்டு யூன் 10ஆம் திகதிக்குப் பின் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை. அந்த நாளே அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்த நாளாகக் கொள்ளப்படுகின்றது.

“இது நமது திருச்சபைக்குப் புறம்பானதல்லவா?” என்று சிலர் தயங்கலாம். குடிகாரரை வைத்தியசாலைகள் சேர்க்க மறுத்த காலத்தில், அக்ரன் புனித தோமையார் வைத்தியசாலையில் 1939ஆம் ஆண்டு அவர்களுக்கு இடம் தேடிக் கொடுத்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. சுகமாகிச் செல்வோருக்குத் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுத்து, “மீண்டும் குடிக்க நினைத்தால் முதலில் இதைக் கொண்டுவந்து என்னிடம் தந்துவிடு” என்பாராம். யேசு சபைக் குருவான எட்வேட் டௌலிங், 1940ஆம் ஆண்டு முதல் வில்சனுக்கு ஆன்ம துணைவராக விளங்கினார். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஆன்ம சோதனையும், தன் தவறுகளைக் கடவுளிடமும் இன்னொரு மனிதனிடமும் ஏற்றுக்கொள்வதும் உண்டு. இவை ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மாற்றல்ல. ஆயினும் அதற்குச் செல்லும் வழியைச் செப்பனிடுகின்றன.

அங்கே சேர ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற விருப்பம். கட்டணம் இல்லை; அங்கத்தவர் இயன்றதைக் கொடுப்பார்கள். முழுப்பெயர் கேட்கமாட்டார்கள், அங்கே கேட்டது வெளியே போகலாகாது. சில கூட்டங்களுக்கு யாரும் செல்லலாம். சில, குடியை விட விரும்புவோருக்கு மாத்திரம். முதல் நாள் வாய் திறக்காமல் இருந்தாலும் குறையில்லை. வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்கமாட்டார்கள். “இன்று ஒருநாள் குடியாதிரு” என்பதே அவர்கள் பாடம். ஒரு கூட்டம் மனதுக்கு ஒவ்வாவிட்டால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. நெடுநாள் மிகையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக்கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் வைத்தியரைக் காணுங்கள். அருகில் எங்கே கூட்டம் நடைபெறுகிறது என்று அவரிடமே கேளுங்கள். பங்குத் தந்தையிடமும் விசாரியுங்கள். இக்காலத்தில் இணையவழியாகக் கூடும் குழுக்களும் உண்டு.

தாய்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கணவர் வரச் சம்மதிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. குடும்பத்தவர்க்கென்றே 1951ஆம் ஆண்டு வில்சனின் மனைவி லோயிஸும் மற்றொரு பெண்ணும் அல்-அனான் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அவருடைய கடனை நகை அடகு வைத்து அடைப்பதும், “காய்ச்சல்” என்று வேலைத்தலத்துக்குப் பொய் சொல்லி அனுப்புவதும் அன்பினால் செய்பவைதான். ஆனால் அவற்றால் அவருடைய நோய் அவருடைய கண்ணுக்கே மறைந்துபோகிறது. உங்கள் கண்ணீரை அறிந்த இன்னொரு பெண்ணோடு பேசுங்கள்.

பங்கு மக்களே, கோயிலுக்கு வரும் குடிகாரனைக் கண்டு ஒதுங்கிப் போவது எளிது. அவனோடு கூட்டத்துக்கு முதல் நாள் கூடச் செல்ல ஒருவர், வாகனம் கொடுக்க ஒருவர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பங்கு மண்டபத்தில் வாரம் ஒருமுறை ஓர் அறையைத் திறந்துவிட ஒருவர், ஆக நால்வர் போதும். உங்கள் ஊரில் இத்தகைய கூட்டமே இல்லையா? அக்ரனில் தொடங்கியபோது இருந்தவர்கள் இருவரே.