கேட்டுவிட்டுத் தைக்கலாம்

பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மயிலுக்கு உடுத்தவும் தெரியாது, போர்த்தவும் தெரியாது என்று அறிந்தே கொடுத்தான் என்கிறார் பரணர். அந்தக் கொடை அவனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக்கியது. ஆனால் அதே பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தபோது கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வரும் அவளிடம் திரும்பிப் போகச் சொல்லிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் 143 முதல் 147 வரை வரிசையாக இருக்கின்றன. மயிலின் குளிர் தெரிந்த மனிதனுக்கு வீட்டுக்குள் இருந்தவளின் துயரம் தெரியவில்லை. கதையின் இந்த இரண்டாம் பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸையொட்டிப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு பக்கம் கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. சபைகள் கொடுக்கின்றன, சங்கங்கள் கொடுக்கின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பெரிய நிறுவனங்களை லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்வதால் ஆலைகளும் கொடுக்கின்றன. கடையில் மொத்தமாக வாங்கிய போர்வைகளே இவற்றில் பெரும்பகுதி. அப்படி வாங்கிக் கொடுக்க மனம் ஒப்பாமல், பழம் புடவைகளைச் சேர்த்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து, தன் கையால் தைத்துக் கொடுக்க நினைப்பவர்களும் உண்டு. அந்தக் கைத்தையல் போர்வை நல்ல கொடைதானா?

கணக்குப் பார்ப்பவர்கள் இல்லை என்பார்கள். அந்த நேரத்தில் பணம் திரட்டினால் பானிபட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைக்கலாம். மேலைநாட்டார் கழித்துப்போட்ட கம்பளி உடைகளைக் கிழித்து நூலாக்கி நெய்யும் ஊர் அது. உலகெங்கும் பேரிடர் முகாம்களுக்குப் பல ஆண்டுகள் போனவை அந்த ஊர்ப் போர்வைகள்தாம். விலையிலும் எண்ணிக்கையிலும் கைத்தையல் அதனிடம் தோற்றுவிடும். தோற்கட்டும். விவிலியத்தில் யோப்பா ஊரின் தொற்காள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது, அவள் தங்களோடு இருந்த காலத்தில் தைத்துத் தந்த உடைகளை. எத்தனை உடைகள் என்று யாரும் எண்ணிச் சொல்லவில்லை. அவர்களோடு இருந்தாள் என்பதுதான் சொல்லப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்த சங்கங்கள் பல அவள் பெயரைச் சூடிக்கொண்டன. பெயரைச் சூடுவது எளிது. அவளைப் போல ஏழைகள் நடுவில் இருப்பதுதான் கடினம்.

பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குப் பாட்டி பழம் புடவையை மடித்துத் தைக்கும்போது இந்தக் கடினம் அவளுக்கு இல்லை. எந்த வீட்டில், எந்தத் தரையில், யாருக்கு விரிக்கப் போகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். அறியாதவர்க்குத் தைப்பவர் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பொன்னேரியின் டிசம்பர் டெல்லியின் டிசம்பர் இல்லை. இங்கே குளிரைவிட ஈரமே பெரிய தொல்லை. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் வடகிழக்குப் பருவமழையில் பெருகும் காலம் அது. பழவேற்காடு ஏரியில் தண்ணீருக்குள் குனிந்து வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்கள் நனைந்த உடம்போடு வீடு திரும்பும் காலமும் அதுவே. ஓலைக் குடிசையின் தரையும் ஈரமாக இருக்கும். அங்கே பஞ்சோ பாலியெஸ்டரோ திணித்த கனத்த போர்வை ஒருமுறை நனைந்தால் நாள்கணக்கில் காயாது. நாற்றமடித்து மூலைக்குப் போகும். மூன்று பருத்திப் புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்ட மெல்லிய விரிப்பானால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். புகைப்படத்தில் அழகாக இருப்பது முதலாவதுதான்.

கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பெரிய அளவில் ஒருமுறை பார்த்திருக்கிறது. 2004ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆழிப்பேரலை வந்தது. நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாக வந்த பழந்துணி கடலோரச் சாலைகளில் குவிந்து கிடந்தது. மீனவக் குடும்பங்கள் பல அதைத் தொடவில்லை. வீட்டையும் படகையும் இழந்தவர்கள் தன்மானத்தையும் சேர்த்து இழக்கவில்லை என்பது அனுப்பியவர்களுக்குத் தோன்றவில்லை. அந்தக் குவியல்களை அள்ளித் தரம்பிரித்துப் பயன்படுத்திய அமைப்புகளில் ஒன்று அன்சு குப்தா டெல்லியில் தொடங்கிய கூஞ்ச். உடுத்த ஆகாத துணியை அடுக்கித் தைத்து விரிப்பாக்குவதும் அவர்கள் வேலைகளில் ஒன்று. குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

அதே பேரலைக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா கூடம் செய்தது இன்னொரு வகை. மீனவப் பெண்களுக்குத் துணிக் கழிவிலிருந்து சுனாமிகா என்ற சின்னஞ்சிறு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, அன்பளிப்பாகவே உலகெங்கும் போனது. வாங்கும் வரிசையில் நின்ற பெண்கள் கொடுப்பவர்கள் ஆனார்கள். போர்வை தைப்போர் கற்க வேண்டியது இதிலிருந்துதான். கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாமிலோ இருளர் குடியிருப்பிலோ தையல் தெரிந்த பெண்கள் இல்லாமலா இருப்பார்கள்? துணியும் நூலும் கூலியும் அங்கே போகட்டும். தைப்பவர் ஒரு பக்கமும் வாங்குபவர் ஒரு பக்கமும் நிற்க வேண்டிய கட்டாயம் எங்கும் எழுதியிருக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் கேட்பதில்லை? பதில் துணியாக இருக்காது என்ற அச்சம்தான் காரணம். ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிச் செங்கல் சூளைக்கு வந்த குடும்பத்திடம் என்ன வேண்டும் என்று கேட்டால், கணக்குத் தீர்த்து ஊருக்குப் போக வேண்டும் என்று சொல்லக்கூடும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது அன்பளிப்பு இல்லை, உரிமை. இலங்கை அகதிகள் முகாம்களின் பெயரை 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. நல்ல மாற்றம். ஆனால் 1990 முதல் இங்கேயே வாழ்ந்து பிள்ளை பெற்றவர்களிடம் கேட்டால் குடியுரிமை என்பார்கள். ஒப்பந்தத் தொழிலாளி பிடித்தம் போன கூலியைச் சொல்வார். எந்த ஊசியாலும் இவற்றைத் தைக்க முடியாது. கூலியைக் குறைத்துவிட்டு டிசம்பரில் அதே தொழிலாளிக்குச் சின்னம் பதித்த போர்வை கொடுக்கும் ஆலை, கடனைத் தானம் என்று கணக்கெழுதுகிறது. கைத்தையல்காரர்கள் அந்தப் பாவத்தில் பங்காளிகள் இல்லை. ஆனால் கேட்காமல் கொடுத்தால் அந்தக் கணக்கெழுத்துக்கு அவர்களும் துணைபோகிறார்கள்.

குடியுரிமை வரும்வரை குளிரில் நடுங்கட்டுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய இரவில் யாரும் யாரையும் விசாரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. கையில் கிடைத்த போர்வை எதுவானாலும் நல்ல போர்வைதான், பானிபட் மூட்டையே முதலில் வரட்டும். புயல் நாள் பார்த்து வருவதில்லை. கிறிஸ்துமஸ் அப்படியா? ஒவ்வோர் ஆண்டும் 25ஆம் தேதிதான் வருகிறது. கேட்பதற்கு ஓராண்டு முழுக்க இருக்கிறது.

கேட்டபின் போர்வைதான் வேண்டும் என்று வந்தால் கைத்தையலுக்கு ஈடு இல்லை. இந்த வீட்டில் ஐந்து பேர், ஒரு கைக்குழந்தை, இருமும் கிழவர் ஒருவர் என்று தெரிந்து தைக்கும்போது அளவு மாறும், துணி மாறும். சாயம் போகும் புடவையை ஒதுக்கிவைக்கத் தோன்றும். இற்றுப்போனதைச் சேர்க்க மனம் வராது. வேறொன்று வேண்டும் என்று வந்தால் தையலை நிறுத்திவிட்டு, பொன்னேரி சார் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதத் துணைபோவதும் கிறிஸ்துமஸ் கொடைதான்.

அடுத்த டிசம்பருக்குத் தைக்க நினைக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். துணி சேர்க்கத் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏரிக்கரைக்கும் முகாமுக்கும் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டு போதும். கேமராவை வீட்டில் வைத்துவிடுங்கள், போர்வை கொடுக்கும் நாளிலும்.