முதல் தரம் எளிதில் கிடைக்கலாமா?

முதல் தரம், மாசற்றது, நூற்றுக்கு நூறு என்னும் சொற்கள் இன்று எங்கும் தாராளமாக வழங்கப்படுகின்றன. இது பெருந்தன்மையின் அடையாளமா, அல்லது நேர்மைக் குறைவின் அடையாளமா? விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பின்பும், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தோல் தொழில் ஒன்றாகவே பிணைத்து வைத்திருக்கிறது. அங்கே தோலைத் தரம் பிரிப்பவரின் மேசையே நமக்குப் பள்ளிக்கூடம்.

'செலக்ஷன்' என்று தொழிலாளர் கூறும் அப்பணி கண்ணுக்கும் கைக்கும் உரியது. வெளிச்சத்தில் விரித்த தோலில் உண்ணி கடித்த புள்ளிகள், முள் கிழித்த கீறல், சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது பட்ட கத்திவெட்டு ஆகியவற்றை அவர் தேடுகிறார். குறையின்றி வெட்டி எடுக்கத்தக்க பரப்பு எவ்வளவு என்று கணித்து, தோலை அதற்குரிய அடுக்கில் இடுகிறார். வெயிலிலும் முட்புதரிலும் மேய்ந்த உயிரின் தோலன்றோ அது! முற்றிலும் மாசற்ற தோல் அரிதாகவே கிடைக்கும்.

இங்கே வியப்பான உண்மை ஒன்று உண்டு. குறையுள்ள தோலின் மேற்பரப்பைத் தேய்த்து, வண்ணப் பூச்சிட்டு, செயற்கையாக வரியமைப்பை அச்சிட்டால், பார்வைக்கு அது ஒரே சீராக மின்னும். உண்மையான முதல் தரத் தோலோ தன் இயற்கையான மயிர்க்கண்களை மறைக்காமல் காட்டும். ஆகவே குறை தெரியாமை வேறு, குறை இல்லாமை வேறு.

நாணயம் சேகரிப்போரிடையேயும் இதே கேள்வி எழுந்துள்ளது. 1949இல் அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன், தம் நாட்டின் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளை மதிப்பிட 1 முதல் 70 வரையிலான அளவுகோலை வகுத்தார். எழுபது என்பது நிறைவின் எண். 1980களின் பிற்பகுதியில், கட்டணம் பெற்று நாணயங்களைத் தரப்படுத்தி, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அங்கே தோன்றின. இன்று சேகரிப்போருக்கென்றே அச்சிடப்படும் புதிய காசுகள் பல எழுபதைப் பெறுகின்றன. இவை யாவும் பொய்த் தரங்கள் என்று நாம் கூற இயலாது. நுட்பமான இயந்திரம் அச்சிட்ட, எவர் கையிலும் புழங்காத காசு குறையின்றி இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லாக் காசும் எழுபது என்றால், அந்த எண் நமக்கு எதைத்தான் சொல்கிறது? பொய் சொல்லாமலே ஒரு தரம் பொருளிழந்து போகலாம்.

தரம் என்பது ஒரு சாட்சியம். தோலை நேரில் காணாத தொலைதூர வணிகர் அச்சொல்லை நம்பியே பணம் தருகிறார். இரண்டாம் தரத்தை முதல் தரமென்று கட்டி அனுப்பினால், இன்று சதுர அடிக்குச் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம். சரக்கு திரும்பி வந்தாலோ, இழப்பு முதலாளியோடு நிற்பதில்லை; காலணித் தொழிற்கூடங்களில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்துள்ள பெண்களின் வேலை நாள்களையும் அது தொடும். அடுத்த முறை உண்மையான முதல் தரமும் ஐயத்தோடுதான் பார்க்கப்படும். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை நீதிமன்றக் கூண்டுக்கு மட்டும் உரியதன்று.

"சற்றுத் தாராளமாக இருப்பது அன்புதானே?" என்று சிலர் கேட்கலாம். பள்ளி மாற்றுச் சான்றிதழ்களில் நடத்தை 'நன்று' என்றே எழுதுகிறோம். பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்க விரும்பாத அந்த இரக்கத்தை நாம் இகழவில்லை. எனினும் அனைவருக்கும் எழுதப்படுவதால் அச்சொல்லை எவரும் நின்று படிப்பதில்லை. உண்மையாகவே நல்லொழுக்கம் உடைய பிள்ளைக்கும் அது உதவுவதில்லை.

தரம் பிரிப்பவரின் மேசை இதற்கு வேறொரு வழி காட்டுகிறது. கீழ்த் தரத்தில் வைக்கப்பட்ட தோலை அவர் இழிவுபடுத்துவதில்லை. காலணியின் மேற்பாகத்திற்கு ஆகாதது உள்வரிக்கு ஆகும். பெரிய துண்டுக்கு ஆகாதது பணப்பைக்கு ஆகும். அதற்குரிய இடத்தை அவர் கண்டு தருகிறார். பொய்யான முதல் தரமோ, அதைத் தாங்க முடியாத இடத்திற்கு அனுப்பித் தோற்கச் செய்கிறது. மனிதரை மதிப்பிடும்போதும் இரக்கம் காட்ட வேண்டிய இடம் இதுவே: மதிப்பெண்ணைத் திருத்துவதில் அன்று, குறையோடும் ஒருவர் பயன்பட்டு வாழத்தக்க இடத்தைத் தேடித் தருவதில்.